கேத்தரின் கிரே – எட்வர்ட் சீமோர் ரகசியத் திருமணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் காலத்தில் அரண்மனையில் ரகசியத் திருமணங்கள் பல நடந்தன. எல்லாவற்றுக்கும் அவர் கோபப்பட்டார். ஆனால் 1560ல் கேத்தரின் கிரேயும் ஹெர்ட்ஃபோர்ட் பிரபு எட்வர்ட் சீமோரும் செய்துகொண்ட கல்யாணத்தில் வந்த கோபம் மட்டும் கடைசிவரை தணியவே இல்லை. அந்தக் கதையைப் படிக்கிறவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

இந்தக் கேத்தரின் கிரே யார்?

ஒன்பது நாள் ராணி ஜேன் கிரேயின் தங்கை. 1540ல் பிறந்தவர். எலிசபெத்தின் அப்பா எட்டாம் ஹென்றிக்கு மேரி என்று ஒரு தங்கை உண்டு, அந்த மேரியின் மகள் ஃபிரான்சிஸ், ஃபிரான்சிஸின் மகள் கேத்தரின். எலிசபெத்துக்கு அத்தை மகளின் மகள் முறை.

1553 மே மாதத்தில் ஒரே நாளில் அக்காவுக்கும் தங்கைக்கும் கல்யாணம் நடந்தது. ஜேனுக்கு டட்லி குடும்பத்துப் பையன் கில்ஃபோர்ட், கேத்தரினுக்குப் பெம்புரோக் பிரபுவின் மகன் ஹென்றி ஹெர்பர்ட். அரியணையைப் பிடிக்கப் பெரியவர்கள் போட்ட கணக்கு அது. ஜூலையில் ஜேனை ராணியாக்கினார்கள், ஒன்பது நாளில் கணக்கு தப்பியது, ஹென்றியின் மூத்த மகள் மேரி பட்டத்துக்கு வந்தார், 1554 பிப்ரவரியில் ஜேனின் தலை போனது, பதினொரு நாள் கழித்து அப்பாவின் தலையும் போனது. பெம்புரோக் உடனே சுதாரித்துக்கொண்டு தன் மகனின் திருமணம் செல்லாது என்று அறிவிக்க வைத்துவிட்டார். பதின்மூன்று வயதிலேயே கேத்தரின் பார்த்தது இவ்வளவு.

மாப்பிள்ளை யார்?

எட்வர்ட் சீமோர். எட்டாம் ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்ட் சிறுவனாக இருந்தபோது அவர் சார்பில் நாட்டை ஆண்ட சாமர்செட் கோமகனின் மகன், அதாவது அந்த மன்னரின் தாய்மாமன் மகன். இவருடைய அப்பாவும் 1552ல் தலை வெட்டப்பட்டுத்தான் இறந்தார். எலிசபெத் பட்டத்துக்கு வந்தவுடன், 1559ல், இவருக்கு ஹெர்ட்ஃபோர்ட் பிரபு பட்டம் கொடுத்தார். கல்யாணத்தின்போது இவருக்கு 21 வயது, கேத்தரினுக்கு 20.

இரண்டு பேருக்கும் வயது வந்துவிட்டது. அப்புறம் ராணியின் அனுமதி எதற்கு?

கேத்தரின் வாரிசு வரிசையில் இருந்தவர் என்பதால். எட்டாம் ஹென்றி தன் உயிலில் ஒரு விஷயம் எழுதி வைத்தார்: தன் மூன்று பிள்ளைகளும் வாரிசில்லாமல் போனால், கிரீடம் தன் அக்கா மார்கரெட்டின் ஸ்காட்லாந்துக் கிளைக்குப் போகாமல் தங்கை மேரியின் கிளைக்குப் போகவேண்டும். உயில் எழுதி வாரிசை முடிவு செய்யும் அதிகாரத்தைப் பாராளுமன்றமே 1544ல் அவருக்குக் கொடுத்திருந்தது. அந்த உயிலின்படி பார்த்தால், 1558ல் எலிசபெத் பட்டமேறிய நாளிலிருந்து அவருக்கு அடுத்த இடம் கேத்தரினுடையது.

எலிசபெத் இதை ஒருநாளும் வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் மற்றவர்கள் மறக்கவில்லை. ஸ்பெயின் தூதர்கள் 1559லேயே கேத்தரினைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்தார்கள், நாட்டைவிட்டு அவரைக் கடத்திப்போய் ஸ்பெயின் அரச குடும்பத்தில் மணம் முடிக்கலாம் என்றுகூடப் பேச்சு ஓடியது. முந்தைய ராணி மேரியின் காலத்தில் கேத்தரினுக்கு ராணியின் அந்தரங்க அறைவரை போகும் உரிமை இருந்தது. எலிசபெத் அவரை ஒரு படி கீழே இறக்கினார், ஸ்பெயின் பேச்சு காதில் விழுந்ததும் மறுபடி பழைய இடத்துக்கே ஏற்றி, பக்கத்தில் வைத்துக்கொண்டார். அன்பினால் அல்ல. கண்காணிப்பதற்கு அதுதான் வசதி.

நேராக ராணியிடமே கேட்டிருக்கலாமே?

கேட்கத்தான் முதலில் நினைத்தார்கள். கேத்தரினின் அம்மா ஃபிரான்சிஸுக்கு இந்தச் சம்பந்தம் பிடித்திருந்தது. அவரும் அவருடைய இரண்டாவது கணவரும் சேர்ந்து ராணிக்கு ஒரு கடிதம் தயார் செய்தார்கள். அனுப்புவதற்குள் 1559 நவம்பரில் ஃபிரான்சிஸ் இறந்துவிட்டார், கடிதம் போகவே இல்லை. ராணியிடம் உறவுமுறையோடு பேசக்கூடிய ஒரே ஆள் போய்விட்டார். அதன் பிறகு இவர்களுக்காக வாய் திறக்க அரண்மனையில் யாரும் மிஞ்சவில்லை. இந்த விவகாரத்தில் என்னை அதிகம் வருத்துவது இந்த இடம்தான். அம்மா இன்னும் ஆறு மாதம் இருந்திருந்தால் பதில் ‘முடியாது’ என்றே வந்திருக்கலாம், ஆனால் கேட்டுவிட்டுக் கிடைத்த மறுப்பாக இருந்திருக்கும்.

கல்யாணம் எப்படி நடந்தது?

1560 நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ ஒரு காலையில். சரியான தேதியைப் பின்னால் மணமக்களாலேயே சொல்ல முடியவில்லை, அது அவர்களுக்கு எதிராகவே திரும்பியது.

எல்லா ஏற்பாட்டையும் செய்தவர் மாப்பிள்ளையின் தங்கை ஜேன் சீமோர் (எட்டாம் ஹென்றியின் மனைவியான ஜேன் சீமோர் இவருடைய அத்தை). கேத்தரினின் நெருங்கிய தோழி, ராணியின் பணிப்பெண்களில் ஒருவர். ராணி எப்போது அரண்மனையை விட்டு வேட்டைக்குக் கிளம்புகிறாரோ அன்றைக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். எலிசபெத் எல்த்தமுக்குப் புறப்பட்ட நாளில் கேத்தரின் பல்வலி என்று முகத்தைக் கட்டிக்கொண்டார். ஜேனுக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லாததால் அவரை யாரும் சந்தேகப்படவில்லை. இரண்டு பேரும் வைட்ஹால் அரண்மனையிலிருந்து இறங்கி, நீர் வற்றியிருந்த தேம்ஸ் நதியின் மணல் ஓரமாகவே நடந்து, வெஸ்ட்மின்ஸ்டரில் கேனன் ரோவில் இருந்த ஹெர்ட்ஃபோர்டின் வீட்டுக்குப் போனார்கள்.

மாப்பிள்ளை வேலைக்காரர்களை ஆளுக்கொரு வேலை சொல்லி வெளியே அனுப்பியிருந்தார். எதிர்பார்த்த பாதிரியார் வரவில்லை. ஜேனே வெளியே போய் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். செம்பட்டைத் தாடி வைத்த மனிதர். அவர் பெயரை யாரும் கேட்கவில்லை. பிரார்த்தனை நூலில் உள்ளபடி சடங்கு நடந்தது, ஹெர்ட்ஃபோர்ட் ஒரு பொன் மோதிரம் போட்டார். ஐந்து வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி ஒரே மோதிரமாகத் தெரியும், பிரித்தால் உள்ளே அவரே எழுதிப் பொறித்த வரிகள் இருக்கும். பாதிரியாருக்குக் காசு கொடுத்து அனுப்பிய ஜேன் மணமக்களைத் தனியே விட்டுவிட்டு வெளியே காத்திருந்தார். இரண்டு மணி நேரம்போலக் கழித்துக் கிளம்பினார்கள். அதற்குள் ஆற்றில் நீர் ஏறிவிட்டது, நடந்து வந்த வழி மூழ்கியிருந்தது, அதனால் படகில் திரும்பி மதியச் சாப்பாட்டுக்கு அரண்மனையில் இருந்தார்கள்.

ஆக, சாட்சி ஒரே ஒருவர். அந்த ஜேன் சீமோர் 1561 மார்ச்சில் இறந்தார், வயது இருபதுகூட இருக்காது.

ரகசியம் எப்படி வெளியே வந்தது?

வயிறு காட்டிக்கொடுத்தது. 1561 வசந்தத்தில் ஹெர்ட்ஃபோர்டை பிரான்சுக்கு அனுப்பினார்கள், ராணியின் செயலாளர் வில்லியம் செசிலின் மகனோடு ஊர் சுற்றிப் பார்க்க என்று. போகும் முன் கேத்தரின் தான் கர்ப்பமா இல்லையா என்று உறுதியாகச் சொல்லவில்லை. ஏதாவது நடந்தால் இருக்கட்டும் என்று ஹெர்ட்ஃபோர்ட் வருடத்துக்கு 1,000 பவுண்டு வருமானம் தரும் நிலத்தை எழுதி ஒரு பத்திரம் கொடுத்துவிட்டுப் போனார். கேத்தரின் அந்தப் பத்திரத்தைத் தொலைத்துவிட்டார். கல்யாணத்துக்கு இருந்த ஒரே எழுத்து ஆதாரம் அதுதான்.

பிரான்சுக்குப் போன கணவரிடமிருந்து பதில் வரவில்லை. பயத்தில் பழைய கணவர் ஹெர்பர்ட்டோடு மறுபடி சேரமுடியுமா என்றுகூடக் கேத்தரின் பார்த்திருக்கிறார். விஷயம் புரிந்துபோன ஹெர்பர்ட், தான் கொடுத்த பரிசுகளைத் திருப்பிக் கேட்டு மிக மோசமான கடிதங்கள் எழுதினார். இந்தச் செயலுக்காகக் கேத்தரினைத் திட்டுகிறவர்கள் உண்டு. வளரும் வயிற்றை மறைத்துக்கொண்டு, அம்மா இல்லாமல், தோழி இல்லாமல் அரண்மனையில் நின்ற ஒரு பெண் அது என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்தக் கோடையில் ராணி எஸக்ஸ், சஃபோக் பக்கம் பரிவாரத்தோடு பயணம் போனார், கேத்தரினும் கூடவே போகவேண்டியிருந்தது. ஆகஸ்டில் இப்ஸ்விச் நகரத்தில் இனித் தாங்காது என்று அரண்மனைப் பெண்மணி பெஸ் ஆஃப் ஹார்ட்விக்கிடம் (அப்போது சீமாட்டி செயின்ட் லோ) சொல்லி அழுதார். பெஸ்ஸும் அழுதுகொண்டே, ஏன் என்னிடம் சொன்னாய் என்று கோபப்பட்டார். மறுநாள் இரவு கேத்தரின் ராபர்ட் டட்லியின் படுக்கையறைக்குப் போய் அவர் கட்டிலருகே மண்டியிட்டு ராணியிடம் பேசச் சொன்னார். டட்லி ராணிக்கு மிக வேண்டியவர், அதோடு அக்கா ஜேனின் கணவர் கில்ஃபோர்டின் அண்ணன். அவருக்கு வந்த பயம் வேறு: ராணியின் அறை பக்கத்திலேயே இருக்கிறது, நள்ளிரவில் தன் அறையில் ஒரு பெண்குரல்! எப்படியோ அவரை அனுப்பிவிட்டு, விடிந்ததும் எல்லாவற்றையும் ராணியிடம் சொல்லிவிட்டார். கேத்தரின் நேராக லண்டன் டவர் சிறைக்குப் போனார். ஹெர்ட்ஃபோர்டை பிரான்சிலிருந்து வரவழைத்து அதே டவரில் போட்டார்கள். கேட்டுக்கொண்ட குற்றத்துக்காக பெஸ்ஸும் சில மாதம் உள்ளே இருந்தார்.

எலிசபெத்தின் கோபம் வெறும் பொறாமைதானே?

நிறைய இடங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள்: தான் கல்யாணம் செய்துகொள்ள முடியவில்லை, மற்றவர்கள் செய்தால் பொறுக்கவில்லை என்று. ஓரளவு மனவலி இருந்திருக்கலாம். டட்லியின் மனைவி ஏமி ராப்சார்ட் 1560 செப்டம்பரில் படிக்கட்டுக்குக் கீழே இறந்துகிடந்தார், ஊரெல்லாம் வதந்தி, அதோடு டட்லியை மணப்பது எலிசபெத்துக்கு முடியாத காரியம் ஆனது. அதே குளிர்காலத்தில்தான் கேத்தரின் தான் விரும்பியவரைக் கைப்பிடித்தார்.

ஆனாலும் பொறாமை என்று சொல்லி முடித்துவிட்டால் எலிசபெத்தை நாம் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். ராணிக்கு அப்போது கணவரும் இல்லை, குழந்தையும் இல்லை. வாரிசு வரிசையில் அடுத்து நிற்கும் புராட்டஸ்டண்ட் பெண்ணுக்கு ஒரு பிரபு கணவர், வயிற்றில் குழந்தை. அது ஆணாகப் பிறந்துவிட்டால், பெண் ஆட்சியில் நிம்மதி இல்லாத பிரபுக்கள் எல்லோரும் எந்தப் பக்கம் பார்ப்பார்கள்? அக்கா மேரி ஆண்டபோது தன்னைச் சுற்றி எப்படிச் சதிகள் பின்னப்பட்டன, அதற்காகத் தானே அதே டவரில் எப்படி இருந்தோம் என்பது எலிசபெத்துக்கு மறக்கவில்லை. அடுத்த வாரிசாக இருப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அந்த ஆகஸ்டிலேயே மார்கரெட்டின் பேத்தியான ஸ்காட்லாந்து ராணி மேரி பிரான்சிலிருந்து ஊர் திரும்பி, தன்னை வாரிசாக அறிவிக்கச் சொல்லித் தூதர் மேய்ட்லண்டை அனுப்பினார். வாரிசைப் பெயர் சொல்லி அறிவிப்பது என்பது என் சவத்துக்குப் போர்த்தும் துணியை உயிரோடிருக்கும்போதே என் கண்முன் விரிப்பது போன்றது என்ற கருத்தில் எலிசபெத் அவருக்குப் பதில் சொன்னார்.

டவரில் கேத்தரினை விசாரிக்க அவர் அனுப்பிய உத்தரவிலும் இதுவே தெரிகிறது: இதற்குப் பின்னால் இன்னும் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கெல்லாம் முன்பே தெரியும் என்று கேளுங்கள். அவர் தேடியது ஒரு சதியை. சதி எதுவும் இல்லை. இரண்டு பேர் காதலித்தார்கள், அவ்வளவுதான். அரசர்கள் இருக்கும் இடத்தில் அந்த விளக்கத்தை நம்புவது கடினம்.

கல்யாணம் செல்லுமா செல்லாதா? சட்டம் என்ன சொன்னது?

அன்றைய இங்கிலாந்தில், திருச்சபைச் சட்டப்படி, ஒரு ஆணும் பெண்ணும் ‘இப்போதே உன்னை மணக்கிறேன்’ என்று நிகழ்கால வார்த்தையில் ஒருவருக்கொருவர் சொன்னாலே அது திருமணம். பாதிரியார்கூடக் கட்டாயம் இல்லை. 1753ல் புதிய சட்டம் வரும்வரை இதுதான் நிலை. ஆனால் நடந்தது என்று நிரூபிக்க சாட்சி வேண்டும். சாட்சி ஜேன் இறந்துவிட்டார், பாதிரியார் கிடைக்கவில்லை, பத்திரம் தொலைந்தது, தேதி நினைவில் இல்லை.

கேன்டர்பரி பேராயர் மேத்யூ பார்க்கர் தலைமையில் குழு அமைத்து இருவரையும் தனித்தனியே விசாரித்தார்கள். மணல் வழி, பாதிரியாரின் தாடி, மோதிரம் என்று இருவர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போனது, ஐந்து வளைய மோதிரத்தைக் கேத்தரின் காட்டினார். 1562 மே 12ல் தீர்ப்பு: திருமணம் எதுவும் நடக்கவில்லை, இருவரும் முறைகேடாகக் கூடினார்கள், 1561 செப்டம்பரில் டவரிலேயே பிறந்துவிட்ட மகன் எட்வர்ட் சட்டப்படி வாரிசு அல்ல. அந்தக் கடைசி வரிக்காகத்தான் விசாரணையே. கல்யாணம் உண்மையில் நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிறையில் இருந்தவர்களுக்கு இரண்டாவது குழந்தை எப்படி?

டவரின் பொறுப்பாளர் சர் எட்வர்ட் வார்னர் நல்ல மனிதர். இரண்டு அறைகளின் கதவுகளும் ஒன்றிரண்டு இரவுகள் பூட்டப்படாமல் இருந்தன. 1563 பிப்ரவரி 10ல் தாமஸ் பிறந்தான். ஞானஸ்நானத்துக்கு சிறைக் காவலர்கள் இருவர் ஞானத்தந்தைகளாக நின்றார்கள்.

டவர் வாழ்க்கை பற்றி வார்னர் எழுதிய குறிப்பில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: அறையில் இருந்த மெத்தை, திரைச்சீலை எல்லாம் கேத்தரின் வளர்த்த நாய்களும் குரங்குகளும் கிழித்துப் போட்டவை என்கிறார். அந்த இருட்டுக்குள்ளும் ஒரு குடும்பம் வாழ்ந்திருக்கிறது.

ராணிக்கு இது தாங்க முடியாத அடி. 1562 அக்டோபரில் அவருக்குப் பெரியம்மை கண்டு உயிர் பிழைப்பதே சந்தேகமாக இருந்தபோது, அடுத்து யார் என்ற பேச்சில் அமைச்சர்கள் சிலர் கேத்தரின் பெயரைச் சொன்னார்கள். நாலு மாதத்தில் இன்னொரு ஆண் குழந்தை! வார்னரின் வேலை போனது. ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் ஹெர்ட்ஃபோர்டுக்கு 15,000 பவுண்டு அபராதம் போட்டது: அரச ரத்தமுள்ள கன்னியைக் கெடுத்ததற்கு, சிறையை மீறியதற்கு, மறுபடியும் அதையே செய்ததற்கு, தலா ஐயாயிரம். பின்னால் பெருமளவு குறைத்தார்கள்.

பிறகு சேர்ந்து வாழவே இல்லையா?

இல்லை. 1563 கோடையில் லண்டனில் பிளேக் பரவியதால் டவரிலிருந்து வெளியே அனுப்பினார்கள், ஆனால் பிரித்து. கேத்தரினும் கைக்குழந்தை தாமஸும் எஸக்ஸில் பிர்கோ என்ற இடத்தில் சித்தப்பா ஜான் கிரே வீட்டுக்கு, ஹெர்ட்ஃபோர்டும் மூத்த மகனும் ஹான்வொர்த்தில் அவருடைய அம்மா வீட்டுக்கு. சாப்பிடச் சொன்னால் அழுகிறாள் என்று சித்தப்பா செசிலுக்கு எழுதினார். மன்னிப்புக் கடிதங்கள் ஒன்றும் பலிக்கவில்லை. இதற்கிடையில் ஜான் ஹேல்ஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர் கேத்தரினின் உரிமையை ஆதரித்து ஒரு நூல் எழுதி, 1564ல் சிறைக்குப் போனார். நல்லது செய்ய நினைத்து அவர் செய்த காரியம் கேத்தரினின் சிறைக் கதவை இன்னும் இறுக்கியது.

அதன் பின் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீடு. கடைசியில் சஃபோக்கில் யாக்ஸ்ஃபோர்டு அருகே காக்ஃபீல்டு ஹால், பொறுப்பாளர் சர் ஓவன் ஹாப்டன். 1568 ஜனவரி 27ல் அங்கே இறந்தார், வயது 27. சாவதற்கு முன் ஹாப்டனை அழைத்து, பிள்ளைகளிடம் ராணி கருணை காட்டட்டும், என் கணவரிடமும் காட்டட்டும் என்று கேட்டுக்கொண்டு, ஐந்து வளைய மோதிரத்தைக் கணவரிடம் சேர்க்கச் சொன்னார்.

ஹெர்ட்ஃபோர்ட் என்ன ஆனார்?

மெல்ல மெல்ல விடுதலை ஆகி, 1621 வரை வாழ்ந்தார். 1591ல் எல்வெத்தமில் குளம் வெட்டி, நாலு நாள் ராணிக்குப் பிரமாண்ட விருந்து வைத்தார். ஆனால் மகன்கள் முறைப்படி பிறந்தவர்கள் என்று நிரூபிக்கும் முயற்சியை விடவில்லை, அதற்காக 1595ல் மறுபடி டவருக்குப் போனார். இடையில் இன்னும் இரண்டு கல்யாணங்கள், இரண்டுமே ரகசியமாக! இருந்தாலும் சாலிஸ்பரி கதீட்ரல் கல்லறையில் அவரோடு இருப்பவர் கேத்தரின்தான், பேரன் வில்லியம் யாக்ஸ்ஃபோர்டிலிருந்து எடுத்துவந்து சேர்த்தார்.

மற்ற ரகசியத் திருமணங்களுக்கும் இதே தண்டனைதானா?

இல்லை, ஒப்பிட்டால் காரணம் புரியும். 1578ல் டட்லியே லெட்டிஸ் நோலிஸை ரகசியமாக மணந்தார். லெட்டிஸுக்கு அரண்மனைக் கதவு மூடியது, டட்லி கொஞ்ச நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டார். வால்டர் ராலியும் ராணியின் பணிப்பெண் பெஸ் த்ரோக்மார்ட்டனும் 1592ல் டவருக்குப் போனார்கள், அந்த வருடத்துக்குள்ளேயே வெளியே வந்தார்கள். கேத்தரினின் தங்கை மேரி கிரே 1565ல் அரண்மனைக் காவல் அதிகாரி தாமஸ் கீஸை மணந்தார். அரச ரத்தம் என்பதால் அங்கே இரக்கமே இல்லை. அவர்களையும் பிரித்தார்கள், கீஸ் ஃப்ளீட் சிறையில் உடம்பு கெட்டு, வெளியே வந்து கொஞ்ச நாளில் இறந்தார். கிரே சகோதரிகளுக்கு மட்டும் தனி அளவுகோல் இருந்தது.

கேத்தரினின் மகன் ஏன் அரசர் ஆகவில்லை?

1562 தீர்ப்பு மாறவே இல்லை. 1603ல் எலிசபெத் இறந்ததும் எட்டாம் ஹென்றியின் உயிலை ஓரம் வைத்துவிட்டு மார்கரெட் கிளையில் வந்த ஸ்காட்லாந்தின் ஜேம்ஸை அழைத்தார்கள். ஆனாலும் சீமோர் குடும்பத்தின் மேல் அரசர்களுக்கு இருந்த பயம் போகவில்லை. 1610ல் பேரன் வில்லியம், இன்னொரு அரச வாரிசான ஆர்பெல்லா ஸ்டூவர்ட்டை ரகசியமாக மணந்தார். இப்ஸ்விச்சில் கேத்தரின் சொன்னதைக் கேட்டு அழுத அதே பெஸ் ஆஃப் ஹார்ட்விக்கின் பேத்தி அவர். இருவரும் தப்பி ஓடினார்கள். வில்லியம் ஆஸ்டெண்டு போய்ச் சேர்ந்தார், ஆர்பெல்லா கடலில் பிடிபட்டு 1615ல் டவரில் இறந்தார். கொள்ளுத்தாத்தா சாமர்செட் இழந்த கோமகன் பட்டத்தை 1660ல், தன் கடைசி வருடத்தில், வில்லியம் திரும்பப் பெற்றார்.